மாவில்லாத மஃபின்: பாதாம், முந்திரி, உலர்பழம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தூத்துக்குடிக்காரி. வீட்டில் இருந்தபடியே சின்ன அளவில் கேக், பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறேன். அக்கா மகனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று தெரிந்த பிறகுதான் கோதுமை இல்லாமல் சுடப் பழகினேன். அப்புறம் அரிசி மாவும் வேண்டாம், சோள மாவும் வேண்டாம், தானியமே வேண்டாம் என்று கேட்பவர்களும் வந்தார்கள். பாதாம் மாவு மஃபினைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு ஒரே வரி.

மாவே இல்லாமல் மஃபின் எப்படி நிற்கும்?

எங்கள் ஊர் மக்ரூன் சாப்பிட்டிருக்கிறீர்களா? முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. அவ்வளவுதான். மைதா ஒரு சிட்டிகை கிடையாது. இருந்தும் கூம்பாக நிற்கிறது, கடித்தால் நொறுங்குகிறது. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்த பண்டம், இந்தக் கரையில் முந்திரிக்கு மாறிவிட்டது. அந்த முந்திரி மரத்தையே பிரேசிலில் இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள்தான்.

மஃபினிலும் அதே வேலைதான் நடக்கிறது. கோதுமை கேக்கைத் தாங்கி நிற்பது குளூட்டன் என்ற புரதம், கூடவே மாவுச்சத்து. பாதாம் மாவில் குளூட்டன் இல்லை, மாவுச்சத்தும் மிகக் குறைவு. எடையில் பாதி கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆகவே தூண் முட்டைதான். சூட்டில் முட்டை இறுகும்போது கொட்டைத் தூளையும் பழத்தையும் பிடித்துக்கொள்கிறது. பாதாம் தருவது ஈரப்பதமும் ருசியும்.

மைதா மஃபினில் மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு பாதாம் மாவைப் போட்டால் என்ன வரும் என்று கேட்பவர்கள் அதிகம். எண்ணெய் வடியும் ஒரு தட்டை வரும். இதை முட்டையால் கட்டிய பாதாம் பலகாரம் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குளூட்டன் இல்லாதது, தானியம் இல்லாதது, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, மக்காச்சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் எல்லாமே தானியம். தானியம் இல்லாதது என்றால் இவையும் கூடாது. கேழ்வரகு மஃபினை "தானியம் இல்லாதது" என்று யாராவது விற்றால் அவர் குழம்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

சீலியாக் உள்ளவர் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் முழுக்க விலக்க வேண்டும், அரிசி தாராளமாகச் சாப்பிடலாம். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைக் கண்டு சொன்னவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்ததும் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தின. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தவுடன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் இரத்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியும். அக்கா வீட்டில் இப்படி நிறுத்தி, மறுபடி தொடங்கி, ஒரு சுற்று சுற்றினார்கள்.

அளவு சொல்லுங்கள்.

8 மஃபின் வரும். பாதாம் மாவு 200 கிராம், முட்டை 3, கொட்டை நீக்கிய பேரீச்சை 80 கிராம், உலர்திராட்சை 50 கிராம், உலர்ந்த அத்திப்பழம் 40 கிராம், உருக்கிய நெய் 30 கிராம், ஆப்பசோடா தலைதட்டி அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் நாலைந்து, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை.

பேரீச்சையை 60 மி.லி. கொதிநீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே மைய அரைக்கவும். முட்டையை நன்றாக அடித்து, இந்த விழுது, நெய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்கவும். இன்னொரு பாத்திரத்தில் பாதாம் மாவு, சோடா, உப்பு, ஏலம், சுக்கு எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலந்து, முட்டைக் கலவையில் கொட்டிக் கிளறவும். கடைசியில் நறுக்கிய பழங்கள்.

இட்லி மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிட இளக்கம், அதுதான் பதம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாது. ஒரு நொடி யோசித்துவிட்டுத் 'தொப்'பென்று விழும். ஒழுகினால் இரண்டு கரண்டி பாதாம் மாவு சேருங்கள். விழவே மாட்டேன் என்றால் ஒரு கரண்டி தண்ணீர்.

பேப்பர் கப்பில் முக்கால் பங்கு நிரப்பி, முன்பே சூடாக்கிய ஓவனில் 165 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். மைதா கேக்குக்கு வைக்கும் 180 இதற்கு வேண்டாம். பாதாமும் பேரீச்சையும் சீக்கிரம் சிவக்கும், உள்ளே வேகும் முன்பே மேலே கருகிவிடும்.

மைதா கேக்கில் "அதிகம் கலக்காதே, ரப்பர் ஆகிவிடும்" என்பார்கள். இங்கே அந்தப் பயம் இல்லை, இழுபட குளூட்டனே கிடையாதே. ஆனால் சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்த நொடியில் நுரை கிளம்பிவிடும். அதனால் கலந்தபின் போனை எடுத்துப் பேசிக்கொண்டு நிற்காமல் நேராக ஓவனுக்குள்.

பேக்கிங் பவுடர் போட்டால் நன்றாக உப்புமே, ஏன் போடவில்லை?

அதற்குள் சோள மாவு இருக்கிறது. சோடாவும் அமிலப் பொடியும் டப்பாவுக்குள்ளேயே சண்டை போடாமல் இருக்க ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மாவுச்சத்து வேண்டும், பெரும்பாலும் அது மக்காச்சோளத்தில் இருந்து வருவது. குளூட்டன் மட்டும் பிரச்சினை என்றால் பயமில்லை. தானியமே கூடாது என்றால் சோடாவும் எலுமிச்சையும்தான். கடையில் வரும் ஐசிங் சர்க்கரையிலும் பெரும்பாலும் சோள மாவு உண்டு. பேச்சோடு பேச்சாக, கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதையும் சீலியாக் உள்ள வீடுகளில் பார்த்துக்கொள்ளுங்கள். மஃபினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சாம்பாரில் போய்விடுகிறது.

பாதாம் மாவை வீட்டிலேயே அரைக்கலாமா?

அரைக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அவசரப்பட்டால் மாவுக்குப் பதிலாகப் பாதாம் வெண்ணெய் கிடைக்கும்.

கொதிக்கும் தண்ணீரில் பாதாமைப் போட்டு ஒரே ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துப் பிதுக்கினால் தோலில் இருந்து பருப்பு துள்ளிக்கொண்டு வெளியே வரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். கால் கிலோ போன இடம் தெரியாது, பத்துப் பருப்பு ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடக்கும்.

அப்புறம் காயவைப்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஒரு இரவு, மறுநாள் வெயிலில் சில மணி நேரம். எங்கள் ஊர்க் கடல்காற்றில் அதுவும் போதாமல் ஓவனில் 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பேன். பருப்பை உடைத்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது.

முழுக்க ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். குளிர்ந்த பருப்பு சட்டென்று எண்ணெய் விடாது. மிக்ஸியின் சின்ன ஜாரில் பாதி அளவுக்கு மேல் போடாதீர்கள். குமிழை ஒரேயடியாகத் திருப்பி ஓடவிடாமல், பல்ஸ் பக்கம் திருப்பி இரண்டு நொடி, விடு, மறுபடி இரண்டு நொடி. நாலு தடவைக்கு ஒரு முறை ஜாரைக் குலுக்கி, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் தள்ளிவிடுங்கள். தூள் கட்டி கட்டியாக உருண்டால் நிறுத்துங்கள், எண்ணெய் வர ஆரம்பித்துவிட்டது. சலித்து, சல்லடையில் நின்ற குருணையை அடுத்த ஈட்டில் சேர்த்து அரைக்கலாம். ரவைச் சல்லடையே போதும். மைதா சலிக்கும் கண் சிறிய சல்லடையில் போட்டால் பொழுது விடிந்துவிடும்.

தோலோடு அரைத்தால்?

தப்பில்லை. மஃபின் கருமையாகவும் கொஞ்சம் கரகரப்பாகவும் வரும், லேசாகத் துவர்க்கும். பேரீச்சை, சுக்கு போட்ட மஃபினுக்கு அந்தத் துவர்ப்பு பொருத்தமாகவே இருக்கிறது. எலுமிச்சைத் தோல் போட்ட வெளிர் மஃபினுக்குத் தோல் நீக்கியதுதான் அழகு.

எந்தப் பாதாம் வாங்குவது?

சாதாரணக் கலிஃபோர்னியா பாதாம் போதும். உலகப் பாதாமில் முக்கால் பங்குக்கு மேல் அங்கேதான் விளைகிறது, நம் மளிகைக் கடையில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். மாம்ரா வகை எண்ணெய்ச்சத்து அதிகம், விலையும் அதற்கேற்ப. ஊறவைத்துச் சாப்பிட நல்லது. அதை மாவாக அரைப்பது பட்டுப்புடவையைக் கரித்துணி ஆக்குவது மாதிரி.

பாதாம் பால் எடுத்த சக்கையைப் பயன்படுத்தலாமா?

காயவைத்துப் பொடித்தால் பயன்படும், ஆனால் அது பாதாம் மாவு அல்ல. கொழுப்பில் ஒரு பங்கு பாலோடு போய்விட்டது, மிஞ்சியது நார். மாவின் கால் பங்குக்கு மட்டும் சேர்த்து, நெய்யை ஒரு கரண்டி கூட்டுங்கள். முழுக்கச் சக்கையில் செய்ததை நானே ஒருமுறை சாப்பிட முடியாமல் விழுங்கினேன்.

கடையில் விற்கும் பாதாம் மாவு எப்படி?

நல்லதும் உண்டு. திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். புதுப் பாதாமுக்கு மெல்லிய இனிப்பு வாசனைதான் இருக்கும். பழைய எண்ணெய் மாதிரிக் காறல் வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள், சுட்டால் அந்த வாடை இன்னும் தூக்கும். நான் ஒருமுறை ஒரு கிலோ பொட்டலத்தை அவசரத்தில் முகராமல் கொட்டி 24 மஃபின் சுட்டேன். அன்று ஒரு பிறந்தநாள் ஆர்டர். இருபத்து நாலும் குப்பைக்கு. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, மூக்கு என்னிடம்தானே இருந்தது.

வீட்டில் அரைத்ததோ வாங்கியதோ, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவைத்தால் போதும்.

முந்திரி, வேர்க்கடலை, தேங்காய் மாவு?

முந்திரி நன்றாக வரும். பாதாமைவிட மாவுச்சத்து கூடுதல், ஆகவே மஃபின் மிருதுவாகவும் கொஞ்சம் கேக் மாதிரியும் இருக்கும். தோலுரிக்கும் வேலையும் இல்லை. அரைக்கத்தானே போகிறோம், முழு முந்திரி எதற்கு? பண்ருட்டிப் பக்கம் இருந்து வரும் உடைத்த முந்திரியை வாங்குங்கள், விலை குறைவு. ஆனால் பாதாமைவிட வேகமாக எண்ணெய் விடும், பல்ஸில் இன்னும் கவனம் வேண்டும். என் வீட்டுக் கணக்கு 140 கிராம் பாதாம், 60 கிராம் முந்திரி.

வேர்க்கடலை தாவரக் கணக்கில் கொட்டையே இல்லை, பயறு இனம். தானியம் இல்லை என்ற நிபந்தனைக்கு உட்படும். சிலருடைய உணவுமுறையில் பயறும் கூடாது, கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வறுத்துத் தோல் புடைத்து அரைத்தால் மஃபின் கடலை மிட்டாய் வாசனை அடிக்கும், பக்கத்தில் ஏலமும் பேரீச்சையும் பேச முடியாது. கருப்பட்டியோடு சேர்த்தால் மட்டும் எனக்குப் பிடிக்கும். பூஞ்சை படிந்த, சுருங்கிய கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும்.

தேங்காய் மாவு வேறு சாதி. தேங்காய்ப் பால் எடுத்த சக்கையைக் காயவைத்து அரைத்தது அது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். 200 கிராம் பாதாம் மாவுக்குப் பதில் 50 கிராமே போதும், முட்டை ஐந்தாவது வேண்டும். பழகாதவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

உலர்பழம் எது நன்றாக இருக்கும்? ஊறவைக்க வேண்டுமா?

ஊறவைக்க வேண்டும். ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள். உலர்பழம் தாகத்தோடு இருக்கிறது. அப்படியே போட்டால் சுற்றியுள்ள மாவில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். சுட்ட அன்று தெரியாது, மறுநாள் பழத்தைச் சுற்றி வறண்டு உதிரும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் திராட்சை கரியாகிக் கசக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றுவதை விடாதீர்கள். ஈரம் சொட்டப் போட்டால் அந்த இடத்தில் மாவு வேகாமல் களியாக நிற்கும். வடித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், பேரீச்சை அரைக்க அதையே வைத்துக்கொள்ளலாம்.

பேரீச்சைதான் இந்த மஃபினின் உயிர். இனிப்பு, நிறம், ஈரம் மூன்றும் அதில் இருந்து வருகிறது. கடினமான காய்ந்த வகையாக இருந்தால் ஊறும் தண்ணீரில் சோடா ஒரு சிட்டிகை போடுங்கள், தோல் குழைந்துவிடும். நறுக்கித் துண்டாக விற்கும் பேரீச்சையை வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்க ஓட்ஸ் மாவோ அரிசி மாவோ தூவி வருவதுண்டு. அத்தனை பாடுபட்டுத் தானியத்தை விலக்கிவிட்டு இந்த வழியாக உள்ளே விடுவானேன்.

அத்திப்பழம் மாலையாகக் கோத்து வரும். காம்பைக் கிள்ளிவிட்டுச் சிறு துண்டாக நறுக்குங்கள். அதன் விதை பல்லில் 'நறுக் நறுக்'கென்று படுவதுதான் சுகம். உள்ளே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள், சில நேரம் பூச்சி இருக்கும்.

திராட்சையில் கறுப்புக்கே என் ஓட்டு. பொன்னிறக் கிஸ்மிஸ் பார்க்க அழகு, நிறம் மாறாமல் இருக்கக் கந்தகப் புகை காட்டியதும் அதில் உண்டு. ஆப்ரிகாட்டும் அப்படித்தான், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் கந்தக டைஆக்சைடின் கைவண்ணம். அது சேர்க்காதது பழுப்பாக, பார்க்கச் சுமாராக, ருசியாக இருக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது. டூட்டி ஃப்ரூட்டி உலர்பழம் அல்ல. சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்.

பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறதே?

மாவு தண்ணியாக இருக்கிறது, அல்லது துண்டு பெரிதாக இருக்கிறது. கொண்டைக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். நறுக்கியதில் ஒரு கரண்டி பாதாம் மாவைத் தூவிப் புரட்டிப் போடுவது கொஞ்சம் உதவும்.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? குச்சியில் ஈரமாகவே வருகிறது.

கொட்டை மாவில் எண்ணெய் உண்டு, ஆகவே வெந்த பிறகும் குச்சி பளபளவென்றுதான் வரும். பச்சை மாவு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைவிட விரல் நம்பகமானது. நடுவில் மெல்ல அழுத்தினால் மேலெழும்ப வேண்டும், குழி அப்படியே நின்றால் இன்னும் மூன்று நிமிடம்.

எடுத்தவுடன் பேப்பரைப் பிரிக்காதீர்கள். சூட்டில் இது மிகவும் பொலபொலப்பு, கையில் உதிர்ந்துவிடும். அச்சிலேயே கால் மணி நேரம், அப்புறம் கம்பித் தட்டில் முழுக்க ஆறவேண்டும். உண்மையில் மறுநாள்தான் இதன் ருசி. பழத்தின் இனிப்பு மாவுக்குள் ஊறியிருக்கும்.

நடுவில் குழி விழுகிறது.

அநேகமாகச் சோடா அதிகம். குவித்து எடுத்த அரைத் தேக்கரண்டி, கிட்டத்தட்ட முக்கால் ஆகிவிடும். வேகமாக உப்பும், முட்டை இறுகுவதற்குள் அமுங்கும், சோப்பு வாடையும் வரும். அடுத்த காரணம், பதினைந்து நிமிடத்துக்குள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது. மூன்றாவது, முட்டை அளவு. நாட்டுக்கோழி முட்டை சின்னது, 3க்குப் பதில் 4 போடுங்கள்.

மைதா மஃபின் மாதிரி மேலே குடை விரிந்து வரவில்லையே என்று கேட்டால், வராது. லேசான மேடுதான் இதன் உச்சம்.

முட்டை இல்லாமல் செய்ய முடியுமா?

செய்யலாம், ஆனால் அது வேறு பண்டம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். தூணை எடுத்துவிட்டுக் கூரை நிற்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் என்று குழைத்துப் பத்து நிமிடம் வைத்தால் வெண்டைக்காய்ச் சாறு போல் கொழகொழவென்று ஆகும். கூடவே இசப்கோல் ஒரு தேக்கரண்டி. அது ஒரு செடியின் விதை உமி, தானியம் இல்லை. ஒரு மசித்த வாழைப்பழமும் சேர்த்துச் சின்ன அச்சில் 160 டிகிரியில் 35 நிமிடம் சுட்டால், அழுத்தமான, ஈரமான, பர்ஃபிக்கும் கேக்குக்கும் நடுவில் ஒன்று வரும். ருசி குறைவில்லை. பஞ்சு மாதிரி வருகிறது என்று யாராவது வீடியோவில் காட்டினால், அதில் வேறு ஏதோ மாவு இருக்கிறது.

ஓவன் இல்லை. பணியாரக்கல்லில் வருமா?

வருகிறது! எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கல்லை நன்றாகச் சூடாக்கி, நெய் விட்டு, தீயை இருக்கிறதிலேயே குறைத்துவிடுங்கள். குழியில் முக்கால் பங்கு மாவு, மூடி, ஐந்தாறு நிமிடம். மேல்பக்கம் பளபளப்பு போனதும் குச்சியால் திருப்பி இன்னும் மூன்று நிமிடம். அரிசிப் பணியாரத்தைத் திருப்புகிற வேகத்தில் திருப்பினால் பிய்ந்துவிடும், ஓரத்தைச் சுற்றிலும் விடுவித்துவிட்டுத் தூக்குங்கள். முதல் ஈடு எனக்குக் கரிதான், பேரீச்சை அடிபிடிப்பதில் மன்னன். கல்லுக்கு அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்ததும் சரியாகிவிட்டது. இந்த முறையில் பழத்தை இன்னும் பொடியாக நறுக்க வேண்டும்.

குக்கரிலும் சுடலாம். அடியில் உப்புப் பரப்பி, கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் பத்து நிமிடம் சூடாக்கி, தட்டின் மேல் அச்சை வைத்துக் குறைந்த தீயில் அரை மணி நேரம். மேலே சிவக்காது, அவ்வளவுதான் குறை.

பேரீச்சைக்குப் பதில் கருப்பட்டி?

உடன்குடிக் கருப்பட்டி எங்களுக்குக் கூப்பிடு தூரம், போடாமல் இருப்பேனா. 70 கிராமைத் துருவிப் போடுங்கள். பாகாகக் காய்ச்சினால் தண்ணீர் கூடிவிடும். பேரீச்சை தரும் ஈரம் போய்விடுவதால் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் சேருங்கள். தேன் என்றால் 60 கிராம், ஆனால் சீக்கிரம் சிவக்கும், பதினைந்தாவது நிமிடம் மேலே அலுமினியத் தாள் போட்டு மூடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா? எடை குறையுமா?

"சுகர்ஃப்ரீ" என்று நான் எழுதி ஒட்ட மாட்டேன். பேரீச்சையிலும் உலர்திராட்சையிலும் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை போடவில்லை என்பது வேறு, சர்க்கரை இல்லை என்பது வேறு. பாதாமின் கொழுப்பும் நாரும் புரதமும் அது இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். அதனால் மைதா மஃபினோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. ஒன்றில் பாதி, சாப்பாட்டுக்கு மேல் இல்லாமல், உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்குக்குள்.

எடை விஷயம் கேட்கவே வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஒரு மஃபின் சுமார் 270 கலோரி. நாலைந்து இட்லிக்குச் சமம். வயிறு நிறையும், இரண்டாவது சாப்பிடத் தோன்றாது என்பதுதான் ஒரே காப்பு.

கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு?

இதைக் கொடுக்கவே கூடாது, மணம் பார்க்கக்கூட. சூரியகாந்தி விதையை அரைத்து இதே முறையில் செய்யலாம், அதற்கும் ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு. அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஆறிய மஃபினை உடைத்தால் உள்ளே பாசி மாதிரிப் பச்சையாக இருக்கும். கெட்டுப்போகவில்லை. அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து செய்கிற வேலை. எலுமிச்சையைக் கூட்டிச் சோடாவைக் குறைத்தால் பச்சை மட்டுப்படும். பிள்ளைகளிடம் பூத மஃபின் என்று சொல்லிக் கொடுத்தால் இன்னும் இரண்டு கேட்கும்.

சீலியாக் உள்ளவருக்குச் செய்யும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

சல்லடை. சப்பாத்தி மாவு சலித்த சல்லடையை எத்தனை கழுவினாலும் கண்ணிகளில் ஒட்டியிருக்கும். தனிச் சல்லடை, தனி மரக்கரண்டி, தனி அச்சு வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் மாவு தங்கும். அதே நாளில் மைதா கேக்கும் சுடுவதாக இருந்தால் இதை முதலில் சுட்டு மூடி வைத்துவிடுவேன், மைதா காற்றில் பறந்து எங்கும் படியும்.

ஏகாதசிக்கு ஆகுமா?

முட்டை இருக்கிறதே, தாயே.

இதெல்லாம் இப்போது வந்த மோஸ்தர்தானே?

பெயர்தான் புதிது. ஸ்பெயினின் கலீசியாவில் 'தார்த்தா தெ சாந்தியாகோ' என்று ஒரு கேக் உண்டு. பாதாம் தூள், சர்க்கரை, முட்டை, எலுமிச்சைத் தோல், மேலே சாந்தியாகோவின் சிலுவை வடிவம் விட்டுச் சர்க்கரைத் தூவல். 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் வாங்கியது. இத்தாலியின் தோஸ்கானாவில் செஸ்ட்நட் கொட்டை மாவில் உலர்திராட்சை, பைன் கொட்டை, ரோஸ்மேரி போட்டு 'காஸ்தன்யாச்சோ' சுடுகிறார்கள், கோதுமைக்கு வழியில்லாத மலைக்காரர்களின் பலகாரம் அது. யூதர்கள் பஸ்கா நாட்களில் புளித்த மாவுப் பண்டங்களைத் தொடமாட்டார்கள், அந்த நாட்களுக்கென்று பாதாம் கேக்குகள் அவர்களிடம் உண்டு. நம் மக்ரூனும் இந்தக் கூட்டம்தான். நாகர்கோவில் முந்திரிக்கொத்தை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். பெயரில் இருக்கும் முந்திரி உள்ளே இருக்காது, பாசிப்பயறுதான்.

விலை ஏன் இவ்வளவு?

ஒரு மஃபினில் 25 கிராம் பாதாம் போகிறது. இருபது பருப்பு. தோலுரித்துக் காயவைத்த மின்சாரத்தையும் என் பொழுதையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

வெளியே ஒன்றரை நாள், கடலோர ஊர்களில் அதற்கு மேல் நம்பாதீர்கள். பழத்தின் ஈரமும் நம் வெக்கையும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள். ஃப்ரீசரில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தால் இரண்டு மாதம், தேவைப்படும்போது எடுத்து 150 டிகிரியில் எட்டு நிமிடம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் நெய் உறைந்து கல் மாதிரி இருக்கும், கால் மணி நேரம் வெளியே வையுங்கள்.

உதிர்ந்ததையும் மிஞ்சியதையும் என்ன செய்வது?

உதிர்ந்ததைக் கெட்டித் தயிரில் போட்டுச் சாப்பிடலாம். முழுதாக மிஞ்சியதை ரொட்டிக் கத்தியால் விரல் கனத்துக்கு அறுத்து, 120 டிகிரியில் அரை மணி நேரம், திருப்பிப்போட்டு இன்னொரு கால் மணி நேரம். ரஸ்க் மாதிரி ஆகிவிடும், டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். டீயில் முக்கும்போது மட்டும் கவனம். கோதுமை ரஸ்க்கைப் போல அது காத்திருக்காது. என் அத்தான் ஒவ்வொரு முறையும் பாதியைக் கோப்பைக்குள் விட்டுவிட்டுக் கரண்டி கேட்கிறார்.